மன்னிக்கும் உரிமை யாருக்கு?

இல்லாத மனிதர்களைக் குறித்து இருக்கின்ற மனிதர்கள் வழக்காடுவது இன்று தோன்றிய வழக்கமன்று. வாலியை மறைந்து நின்று கொன்றது முறையா என்று நம் பட்டிமன்ற மேடைகள் எத்தனை இரவுகள் விழித்திருக்கின்றன! கர்ணன் பெரியவனா, கும்பகர்ணன் பெரியவனா என்று தொண்டை கட்டும்வரை வாதிட்டவர்களை யாரும் பித்தர் என்று சொன்னதில்லை. இலக்கிய ஆர்வலர் என்றே சொன்னோம். ஆனால் அமெரிக்க நாட்டில் பகல் வேளையில் ஒளிபரப்பாகும் தொடர் நாடகங்களின் மாந்தரைக் குறித்து அந்நாட்டு மக்கள் பல்லாண்டுகளாக நடத்திவரும் வழக்கைப் பலரும் ஏளனமாகவே பார்த்துவந்திருக்கிறார்கள். வேலையற்றோரின் வீண்பேச்சு என்பதே அவர்கள் தரும் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைச் சற்றே உரசிப் பார்க்க விரும்புகிறோம். ஏனெனில் அந்த வீண்பேச்சுக்குள் நம் எல்லாரையும் தொடுகின்ற கேள்வி ஒன்று கிடக்கிறது: ஒருத்திக்கு இழைக்கப்பட்ட தீங்கை அவளைத் தவிர வேறு எவரேனும் மன்னிக்க இயலுமா?

முதலில் இத்தொடர்களின் பிறப்பைச் சொல்லவேண்டும். இவை 1930-களில் வானொலியில் வளர்ந்தவை. பகலில் வீட்டிலிருக்கும் பெண்களே கேட்பவர்கள்; சோப்பு முதலான வீட்டுப் பொருள்களைச் செய்து விற்ற புராக்டர் அண்டு கேம்பிள் போன்ற நிறுவனங்களே பணம் கொடுப்பவர்கள். ஆகவே ‘சோப் ஒபரா’ என்ற கேலிப்பெயர் ஒட்டிக்கொண்டது. இவற்றுள் மிக நீண்டகாலம் வாழ்ந்தது ‘கைடிங் லைட்’, அதாவது வழிகாட்டும் ஒளி. ஐர்னா பிலிப்ஸ் என்ற பெண்மணி உருவாக்கிய அந்நாடகம் 1937 ஜனவரி 25-ஆம் நாள் வானொலியில் தொடங்கி, 1952-இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 செப்டம்பர் 18-ஆம் நாள் முடிவுற்றது. தொடக்கத்தில் அதன் நடுநாயகர் ஜான் ரத்லெட்ஜ் என்ற கிறிஸ்தவப் போதகர். துயருற்றோர் தம்மைத் தேடி வரலாம் என்பதற்கு அடையாளமாக அவருடைய அறைச் சன்னலில் ஒரு விளக்கு எரியும். நாடகத்தின் பெயர் அந்த விளக்கிலிருந்து வந்தது. சோப்பு விற்பதற்காக எழுதப்பட்ட கதையின் நடுவில் இப்படியொரு விளக்கு எரிந்ததை ஏளனம் செய்வோர் பெரும்பாலும் அறியார்.

இந்நாடகங்களை மற்றக் கதைகளிலிருந்து வேறுபடுத்துவது அவற்றின் நீளம். நாவலுக்கு முடிவு உண்டு. திரைப்படம் மூன்று மணி நேரத்தில் நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடும். இவையோ வாரத்தில் ஐந்து நாள், ஆண்டுக்கணக்கில், முடிவென்ற எண்ணமே இன்றி நடப்பவை. ‘ஆஸ் தி வேர்ல்டு டர்ன்ஸ்’ என்ற தொடர் 1956 ஏப்ரல் 2-ஆம் நாள் தொடங்கியபோது அதன் முதல் சொற்களைப் பேசியவர் ஹெலன் வாக்னர் என்ற நடிகை. நான்சி ஹியூஸ் என்ற இல்லத்தரசியாக வந்த அவர், இடையில் சில இடைவெளிகள் தவிர, 2010 மே மாதம் இறக்கும்வரை அந்தப் பாத்திரத்திலேயே இருந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் நாடகமும் முடிந்தது. இளம்பெண்ணாக அந்நாடகத்தைப் பார்க்கத் தொடங்கியவள் பேரப்பிள்ளை எடுத்து முடித்தபோதும், திரையில் நான்சியும் அவளோடு மூத்துக்கொண்டேயிருந்தாள். எந்தக் காவியத்துக்கும் கிடைக்காத உறவு இது.

இவ்வளவு நீண்ட கதையில் விந்தையான ஒரு நிலை உண்டாகிறது. எழுத்தாளர்கள் வருவார்கள், போவார்கள். தயாரிப்பாளர் மாறுவார். ஒரே பாத்திரத்தில் நடிப்பவரும் மாறுவார். இன்று முதல் இப்பாத்திரத்தில் இன்னார் நடிக்கிறார் என்று ஒரு குரல் அறிவிக்க, நேற்றுவரை ஒரு முகத்தோடு இருந்த கணவன் இன்று வேறொரு முகத்தோடு காப்பி குடித்துக்கொண்டிருப்பான். வீட்டில் எவரும் திடுக்கிடுவதில்லை! கோடை விடுமுறைக்குமுன் மழலை பேசிய பிள்ளை, விடுமுறை முடிந்து காதல் விவகாரத்தோடு படியிறங்கி வருவதும் உண்டு. இத்தனை மாற்றங்களுக்கும் நடுவில் மாறாதிருப்பவர்கள் பார்ப்பவர்கள் மட்டுமே. ஆகவே நாடகத்தின் நினைவு எழுதுகின்றவர்களிடம் இல்லை, பார்க்கின்றவர்களிடம் இருக்கிறது. இன்னாள் இன்னானை இந்த ஆண்டில் ஏமாற்றினாள், ஆதலால் இன்று அவள் இப்படிப் பேசுவது பொருந்தாது என்று எழுத்தாளருக்கே எடுத்துச் சொல்லும் தகுதி அவர்களுக்கு உண்டு. புதிய நடிகர் வந்ததும் அவர்கள் தொடங்கும் வாதமும் அழகைப் பற்றிய வாதம் மட்டுமன்று. ‘இவர் அந்த மனிதர்தாமா?’ என்று கேட்கிறார்கள். ஒரு மனிதனை அதே மனிதனாக ஆக்குவது முகமா, செயலா, அவனைப் பற்றிப் பிறர் கொண்டிருக்கும் நினைவா என்பது மெய்யியலார் நெடுங்காலமாகத் துருவிவரும் கேள்வி. அதைச் சமையலறை மேசையில் வைத்துப் பேசியவர்கள் இவர்கள்.

புனித அகுஸ்தினார் இதைக் கேட்டால் முகம் சுளித்திருப்பார் என்று வாசகர் நினைக்கலாம். தம் வாழ்வை இறைவன் முன் அறிக்கையிட்டு அவர் எழுதிய நூலில், இளமையில் தாம் நாடகங்களில் மயங்கியதைக் கடிந்துகொள்கிறார். மேடையில் துயரத்தைக் கண்டு அழுபவன் உதவிசெய்ய அழைக்கப்படவில்லை, வருந்த மட்டுமே அழைக்கப்படுகிறான். அந்த வருத்தத்தில் அவன் இன்பமும் காண்கிறான். இது என்ன இரக்கம் என்பது அவர் கேள்வி. கூர்மையான கேள்விதான். இன்றைய தொலைக்காட்சிக்கும் அது பொருந்தும். ஆயினும் நாம் பேசும் இப்பார்வையாளர்கள் அகுஸ்தினாரின் கார்த்தேஜ் நகரத்து அரங்கில் இருந்தவர்களைப் போன்றோர் அல்லர். இவர்கள் அழுதுவிட்டு எழுந்துபோகவில்லை. கடிதம் எழுதினார்கள், எதிர்த்தார்கள், தங்களுக்குள் பிரிந்து நின்று வாதிட்டார்கள். ‘சோப் ஒபரா டைஜஸ்ட்’ என்று 1975-இல் ஒரு பத்திரிகையே இவர்களுக்காகப் பிறந்தது. இவர்களுடைய சொல்லால் கதை திரும்பியதும் உண்டு, சாகவேண்டியவன் பிழைத்ததும் உண்டு. வருந்த மட்டும் அழைக்கப்பட்டவர்கள் தீர்ப்பளிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதே உண்மை. தீர்ப்பளிக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது.

அந்தச் சிக்கலின் மலினமான வடிவத்தைச் சொல்லிவிட்டு மேலே செல்வோம். ‘ஆஸ் தி வேர்ல்டு டர்ன்ஸ்’ நாடகத்தில் லீசா என்ற சூழ்ச்சிக்காரியாக 1960 முதல் நடித்தவர் எயிலீன் ஃபுல்டன். லீசாவின் மேல் கொண்ட வெறுப்பால் முன்பின் அறியாத ஒரு பெண் தெருவில் தம்மை அறைந்ததை அவரே சொல்லியிருக்கிறார். கதைமாந்தரின் பாவத்துக்கு நடிகை கன்னம் கொடுத்தார். இது அறியாமை, இதில் ஆராய ஒன்றுமில்லை. ஆராயவேண்டியது இதற்கு எதிர்ப்புறத்தில் இருக்கிறது. நடிகரின் கவர்ச்சிக்காகக் கதைமாந்தரின் பாவத்தை மறப்பது அறியாமைபோல் தோன்றுவதில்லை. அன்புபோல் தோன்றுகிறது.

‘ஜெனரல் ஹாஸ்பிட்டல்’ என்ற தொடர் 1963 ஏப்ரல் 1-ஆம் நாள் தொடங்கி இன்றும் நடந்துவருவது. 1978-இல் லூக் ஸ்பென்சர் என்ற போக்கிரி அதில் நுழைந்தான். சில வாரங்கள் இருந்துவிட்டுச் சாகவேண்டிய சிறு பாத்திரம். நடித்தவர் அந்தோனி கியரி. 1979 அக்டோபரில், தன்னிடம் வேலைபார்த்த லாரா என்ற மணமான இளம்பெண்ணை அவன் பலவந்தப்படுத்தினான். லாராவாக நடித்த ஜீனி ஃபிரான்சிசுக்கு அப்போது வயது 17. நாடகம் அதைக் குற்றமாகவே காட்டியது. லாரா நொறுங்கியதையும் காட்டியது. அதன்பின் நடந்ததுதான் வியப்பு. பார்வையாளர்களுக்கு லூக்கைப் பிடித்துவிட்டது. அவனுடைய குறும்பும், பேச்சும், கண்களில் தெரிந்த ஏக்கமும் அவர்களை ஈர்த்தன. அவனும் லாராவும் ஒன்றுசேர வேண்டும் என்று விரும்பினார்கள். சாகவேண்டியவன் நாயகனானான். நடந்ததற்கு வேறு பெயர் சூட்டும் வேலை கதைக்குள்ளேயே தொடங்கியது: பலாத்காரம் என்ற சொல் மெல்ல மறைந்து, மயக்கி இணங்கவைத்தான் என்ற பொருளுடைய சொல் வந்து உட்கார்ந்தது. 1981 நவம்பர் 16, 17 ஆகிய நாள்களில் இருவருக்கும் திருமணம் நடந்தபோது ஏறத்தாழ 3 கோடி மக்கள் பார்த்தார்கள். அமெரிக்கப் பகல்நேரத் தொடர்களின் வரலாற்றில் அதற்கு இணையான கூட்டம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எலிசபெத் டெய்லரே அதில் சிறப்பு வேடமேற்று வந்தார்.

இங்கே சற்று நின்று ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தக் குற்றத்துக்கு நம் நாளேடுகள் பல்லாண்டுகள் வழங்கிய சொல் ‘கற்பழிப்பு’. செய்தவனின் வன்முறையை விட்டுவிட்டு, செய்யப்பட்டவள் எதையோ இழந்தாள் என்று அறிவிக்கும் சொல் அது. இன்று ‘பாலியல் வன்கொடுமை’ என்று எழுதுகிறோம். பெயர் மாறினால் பார்வை மாறும். அமெரிக்க எழுத்தாளர்களும் அதை நன்றாக அறிந்தே பெயரை மாற்றினார்கள், ஆனால் வேறு திசையில்.

லூக்கை ஏற்றுக்கொண்டவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்களுடைய வாதங்களையும் கேட்கவேண்டும். அவன் அவளை உண்மையாக நேசித்தான் என்றார்கள். பின்னாளில் அவளுக்காகத் தன்னுயிரைப் பணயம் வைத்தான் என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, லாராவே அவனை மன்னித்துவிட்டாளே, நமக்கென்ன என்றார்கள். இந்த மூன்றாவது வாதமே வலியது. பாதிக்கப்பட்டவள் மன்னித்தபின் மற்றவர்கள் கல்லெறிவது முறையாகாது என்பதை எந்தக் கிறிஸ்தவனும் ஒப்புவான். ஆனால் லாராவின் மன்னிப்பை எழுதியவர் யார்? அவள் மன்னித்தால்தான் திருமணம் நடக்கும், திருமணம் நடந்தால்தான் 3 கோடிப் பேர் பார்ப்பார்கள் என்று அறிந்தவர்கள் எழுதினார்கள். அவள் மன்னிக்கவேண்டும் என்று விரும்பியவர்கள் கேட்டார்கள். மன்னிப்பால் ஆதாயம் பெறுகின்றவர்கள் எல்லாரும் கூடி அவள் வாயில் மன்னிப்பை வைத்தார்கள்.

கதைதானே, லாரா என்றொருத்தி இல்லையே என்று வாசகர் சொல்லலாம். அவள் இல்லை, மெய்தான். ஆனால் இந்த ஏற்பாடு இருக்கிறது. தீங்கிழைத்தவனுக்கே அவளை மணமுடித்துவைத்து, பிரச்சினை தீர்ந்தது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோகும் பஞ்சாயத்து நம் நாட்டிலும் கேள்விப்படாததன்று. அங்கேயும் பெண்ணைக் கேட்கிறார்கள். அவளும் சரி என்றே சொல்கிறாள். வீட்டாரின் மானம், தங்கைமாரின் வாழ்வு, ஊரின் அமைதி என்று எத்தனையோ பேர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் அவள் வேறென்ன சொல்வாள்? மன்னிக்கமாட்டேன் என்று சொல்லும் உரிமை உடையவள் மன்னித்தால்தான் அது மன்னிப்பு. இல்லையேல் அதற்கு இணக்கம் என்று பெயர். திருடியவன் பாவசங்கீர்த்தனம் செய்தாலும் திருடிய பொருளைத் திருப்பித் தரவேண்டும் என்று சிறுவயதிலேயே மறைக்கல்வி வகுப்பில் நமக்குக் கற்பித்தார்கள். பாவப்பொறுத்தல் அயலானுக்கு நேர்ந்த இழப்பை இல்லாததாக்கிவிடுவதில்லை. பிள்ளைகளுக்கும் விளங்கிய இந்தப் பாடம் பெரியவர்களுக்கு ஏன் மறந்துபோகிறதோ!

எல்லாப் பார்வையாளர்களும் மறந்துவிடவில்லை என்பதே நமக்கு ஆறுதல். ‘ஒன் லைஃப் டு லிவ்’ தொடரில் 1993-இல் டாட் மானிங் என்ற மாணவன், தன் நண்பர்களோடு சேர்ந்து மார்ட்டி என்ற பெண்ணுக்கு இதே கொடுமையை இழைத்தான். அவனுக்கும் திரளான அன்பர்கள் கிடைத்தார்கள். அவனையும் திருத்தி நாயகனாக்கும் முயற்சி நடந்தது. ஆனால் இம்முறை வாதம் ஓயவில்லை. அவன் திருந்தியதாகக் காட்டும் ஒவ்வொரு காட்சிக்கும், மார்ட்டி எங்கே என்று கேட்கும் குரல் இருந்தது. பின்னர் 2003-இல் அப்பாத்திரத்தில் வேறொரு நடிகர் வர, 2011-இல் பழைய நடிகர் திரும்பியதும், இடையில் நாம் டாட் என்று நம்பியவர் டாட் அல்லர், அவனுடைய இரட்டைச் சகோதரர் என்று எழுத்தாளர்கள் முடிச்சை அவிழ்த்தார்கள். இவர் அந்த மனிதர்தாமா என்ற கேள்விக்கு இதைவிட வேடிக்கையான விடையை எந்த மெய்யியலாரும் தந்ததில்லை! ஆனால் வேடிக்கைக்கு அடியில் கனமான ஒன்று உண்டு. முகம் மாறியபோதும் பழைய பாவத்தைப் புதிய முகத்தின்மேல் சுமத்திக் கணக்குக் கேட்டார்களே, அவர்கள் பாவம் செய்கையோடு ஒட்டுவது, தோற்றத்தோடு ஒட்டுவதன்று என்பதை அறிந்திருந்தார்கள்.

இனி நம்மவர்க்கு நெருடலான ஓர் எடுத்துக்காட்டு. ‘ஆல் மை சில்ட்ரன்’ என்ற தொடரை 1970-இல் தொடங்கியவர் ஆக்னஸ் நிக்சன். அதன் நாயகி எரிக்கா கேன், நடித்தவர் சூசன் லூச்சி. 1973-இல், விளம்பர அழகியாக உயரவேண்டும் என்ற வேட்கையால் எரிக்கா தன் கருவைக் கலைத்துக்கொள்கிறாள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரும் பரபரப்பை எழுப்பிய கதை அது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அது கதையில் நடந்த செய்தியாக நிலைத்தது. பிறகு 2006-இல் புதிய எழுத்தாளர்கள் ஒன்று சொன்னார்கள்: அந்தக் கரு அழியவில்லை, மருத்துவர் அதை எடுத்துத் தம் மனைவியின் வயிற்றில் வைத்துவிட்டார், ஜாஷ் என்ற பெயரோடு இதோ வளர்ந்து நிற்கிறான். மருத்துவம் நகைக்கும் என்பது கிடக்கட்டும். பார்வையாளர் பலர் கொதித்தெழுந்தார்கள்.

கருவிலுள்ள உயிரைப் புனிதமென்று போற்றும் நாம் இதைக் கேட்டு மகிழ்ந்திருக்க வேண்டாமா? பிள்ளை பிழைத்துவிட்டதே! ஆனால் நமக்கு மகிழ்ச்சி எழவில்லை, எழுவதும் தகாது என்றே எண்ணுகிறோம். எரிக்காவின் செயலை உரிமை என்று கருதியவர்கள், அவள் எடுத்த முடிவையே பறித்துவிட்டார்கள் என்று சினந்தார்கள். நாம் அவர்களோடு உடன்படுபவர்கள் அல்லர். ஆயினும் வேறு வாசல் வழியாக அதே மறுப்புக்கு வந்துசேர்கிறோம். ஒருத்தி தன் செயலை நினைத்து வருந்தவேண்டுமானால், அந்தச் செயல் நடந்திருக்கவேண்டும். நடந்ததை நடக்கவில்லை என்று பேனாவால் கீறிவிட்டால், அவள் வருந்துவதற்கும் இடமில்லை, மன்னிக்கப்படுவதற்கும் இடமில்லை. நிகழ்ந்ததை நிகழாததாக்குவது இறைவனின் எல்லாம் வல்ல தன்மைக்குள்ளும் அடங்காது, ஏனெனில் அது தன்னிலேயே முரண்பட்டது என்று புனித தோமா அக்குவினார் வாதிடுகிறார். இறைவனுக்கே அக்குவினார் விலக்கியதை எழுத்தாளர் ஒருவர் ஒரு பிற்பகலில் செய்துமுடித்தார். மன்னிப்பவன் கணக்கை வாசித்துவிட்டுத் தள்ளுபடி செய்கிறான். கணக்கேட்டையே கொளுத்துபவன் செய்வது வேறு வேலை.

‘ஜெனரல் ஹாஸ்பிட்டல்’ எழுத்தாளர்களும் லாராவின் கணக்கேட்டைப் பரணில் ஏற்றியிருந்தார்கள். 1998-இல் அதை அவர்களே இறக்கினார்கள் என்பதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. லூக்குக்கும் லாராவுக்கும் பிறந்த லக்கி அப்போது பதின்வயதுப் பிள்ளை. அவனோடு பழகிய எலிசபெத் என்ற சிறுமியை இருளில் ஒருவன் பலவந்தப்படுத்துகிறான். லக்கி அவளைப் பனியிலிருந்து தூக்கி வருகிறான். வாரக்கணக்கில் அருகிருந்து அவள் மீண்டெழத் துணைநிற்கிறான். இப்படிப்பட்டதைச் செய்தவன் எவ்வளவு இழிந்தவன் என்பதை அவள் கண்ணீரிலிருந்து கற்றுக்கொள்கிறான். பிறகு தெரியவருகிறது, தன் தந்தை தன் தாய்க்குச் செய்ததும் அதுவே என்று. அக்காட்சிகளில் தந்தையின்முன் நிற்கும் மகனுக்கு இனிய சொல் எதுவும் போதவில்லை. மயக்கி இணங்கவைத்தான் என்ற பழைய மொழி அவனிடம் செல்லுபடியாகவில்லை. 19 ஆண்டுகளுக்குப் பின் லூக்கும் லாராவும் அந்த இரவைப் பற்றிப் பெயர் சொல்லிப் பேசவேண்டியதாயிற்று.

திருமணத்தைப் பார்த்த 3 கோடிப் பேரில் எத்தனை பேர் இதைப் பார்த்தார்களோ. ஆனால் பார்த்தவர்களுக்குள் எழுந்த வாதம் பழைய வாதமன்று. அழகாயிருந்த ஒரு காதலை ஏன் கெடுக்கிறீர்கள் என்று வருந்தியவர்கள் இருந்தார்கள். 1979-இலேயே இதைச் சொன்னோம், கேட்பார் இல்லை என்றவர்களும் இருந்தார்கள். நாம் இரண்டாம் அணியின் பக்கமே நிற்கிறோம். கேலிக்கு அஞ்சாமல், சோப்பு விளம்பரங்களுக்கு இடையில், ஒரு கற்பனைப் பெண்ணுக்கு நேர்ந்ததை அதன் பெயராலேயே நினைவில் வைத்திருந்தவர்கள் அவர்கள். வேண்டாத பிடிவாதம் என்று அதைச் சிலர் சொல்வர். மன்னிக்கத் தெரியாதவர்கள் என்றும் சொல்வர். லாரா மன்னிக்கக்கூடாது என்று அவர்கள் சொல்லவில்லையே. அவளைக் கேட்காமல் நீங்கள் மன்னிக்காதீர்கள் என்றல்லவா சொன்னார்கள்?

கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2006 நவம்பரில், பழைய திருமணத்தின் இருபத்தைந்தாம் ஆண்டில், நெடுநாள் உணர்விழந்து கிடந்த லாராவை எழுப்பி லூக்கோடு மீண்டும் மணமேடையில் நிறுத்தினார்கள். மக்கள் மீண்டும் மகிழ்ந்தார்கள். 2015-இல் கியரி விலகினார். லாரா பின்னர் வேறொருவரை மணந்தாள். கதையில் வரும் அந்நகரத்தின் மேயராகவும் ஆனாள். 2022 ஜனவரியில் லூக் தொலைவில் எங்கோ இறந்துவிட்டான் என்ற செய்தி அவளிடம் வந்தது. அவன் முகம் திரையில் காட்டப்படவில்லை. அந்தச் செய்தியைக் கேட்டு அவள் எவ்வளவு அழவேண்டும், எதற்காக அழவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்பதை எழுத உட்கார்ந்தவருக்கு, அவளை 1970-களிலிருந்து அறிந்த பெண்கள் பலர் அந்தப் பிற்பகலில் தொலைக்காட்சிமுன் அமர்ந்திருப்பார்கள் என்பது தெரிந்திருக்கும்.